புள்ளியை விடுங்கள் தங்கச்சி, விடைத்தாளைக் கேளுங்கள்

போகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கொப்பித்தாளில் நான்கு பக்கம் எழுதி, கூடவே மூன்று பிள்ளைகளின் ரிப்போர்ட்டுகளையும் போட்டோகொப்பி எடுத்து அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்:

"டீச்சருக்கு வணக்கம். நான் மலையில் கொழுந்து பறிக்கிறேன், வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை. மூத்தவன் பத்தாம் தரம். கணிதத்தில் டபிள்யூ, சித்தியில்லை. ஒப்படை எதையும் கொடுப்பதில்லை, படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் கடைக்குப் போகிறேன் என்று நிற்கிறான். மகள் நான்காம் தரம். இரண்டாம் தவணையில் கணிதத்துக்கு 38, வகுப்பில் 34 பிள்ளைகளில் 31ஆம் நிலை. இப்போதே ஐந்தாம் தர ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கான வகுப்பில் போடாவிட்டால் பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும் என்கிறார் டியூசன் சேர். கடைக்குட்டிக்கு நாலரை வயது, முன்பள்ளியில் எழுத்துப் பரீட்சை வைத்துக் கடைசி நிலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் வெளியாட்கள் சிலர் வந்து மகளின் வகுப்புக்கு ஒரு வினாத்தாள் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள், அதற்குப் புள்ளியே வரவில்லை. இத்தனை பரீட்சை எதற்கு டீச்சர்? என் பிள்ளைகள் மூன்றும் மக்குத்தானா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் அனுப்பிய மூன்று ரிப்போர்ட்டையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், உங்களை ஆறுதல்படுத்தச் சொல்லவில்லை. அந்தத் தாள்களை வைத்து யாருமே அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் மூத்தவனின் ரிப்போர்ட்டில் நீங்கள் கவனிக்காத ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இத்தனை பரீட்சை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு நிறுவை தெரியும். ஒன்று மடுவத்தில் கொழுந்து நிறுப்பது. கூடையைத் தராசில் வைத்தால் எத்தனை கிலோ என்று எழுதுவார்கள், கிலோ சேர்ந்தால் பேர், அதாவது முழு நாள் சம்பளம், சேராவிட்டால் அரைப் பேர், அத்தோடு அந்த நிறுவையின் வேலை முடிந்தது. எந்த மலையில் செடி காய்ந்திருக்கிறது, உங்கள் முதுகு வலிக்கிறதா, மழை பெய்ததா, எதையும் அந்தத் தராசு கேட்காது. இன்னொன்று கிளினிக்கில் கைக்குழந்தையை நிறுப்பது. மிட்வைஃப் எடையைப் பார்த்து உங்கள் குழந்தையின் புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு மேலே போனால் சரி. படுத்துவிட்டால் "என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள், வயிற்றோட்டம் ஏதும் வந்ததா" என்று கேட்டு, முட்டை கொடுங்கள், பருப்பை மசித்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புவார். எந்த மிட்வைஃபாவது கிளினிக்குக்கு வந்த குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து, உன் பிள்ளை 31ஆம் நிலை என்று சொன்னதுண்டா?

பள்ளிக்கூடத்தில் நடக்கிற சோதனைகளும் இந்த இரண்டு வகைதான். சில, பிள்ளைக்கு அடுத்ததாக என்ன கொடுக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு. சில, யாரைத் தெரிவு செய்வது, யாருக்குச் சான்றிதழ் கொடுப்பது என்று முடிவு செய்வதற்கு. இரண்டும் தேவைதான், இரண்டாவதைக் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நம்முடைய சிக்கல் என்னவென்றால், முதல் வகைக்காக வைக்கிற சோதனைகளையும் மடுவத்துத் தராசு மாதிரியே பாவிக்கிறோம். புள்ளியை எழுதுகிறோம், நிலை போடுகிறோம், பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அடுத்த நாள் அடுத்த பாடம். நானும் அதைச் செய்திருக்கிறேன். ஆசிரியையாகி முதல் மூன்று வருடம், தவணை முடிந்ததும் நிலை வரிசைப்படி பிள்ளைகளை வாங்கில் உட்கார வைத்தேன். பின்வாங்கில் இருந்த பிள்ளைகள் அந்தத் தவணை முழுக்கப் பின்வாங்கிலேயே இருந்தார்கள், கரும்பலகை சரியாகத் தெரியாத தூரத்தில். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, சின்னவனிலிருந்து வருவோம்.

நாலரை வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் பரீட்சை வைத்து நிலை போடுவது பிழை. முன்பள்ளி டீச்சரோடு சண்டைக்குப் போகாதீர்கள், நிறைய இடங்களில் பெற்றோர்தான் "எழுதக் கொடுங்கள், பரீட்சை வையுங்கள்" என்று நெருக்குகிறார்கள், பாவம் அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் பெரிதாக எடுக்காதீர்கள். அந்த வயதில் பார்க்க வேண்டியவை வேறு. சொன்ன கதையைத் திருப்பிச் சொல்கிறானா? பொத்தானைத் தானே போடுகிறானா? ஐந்து கல்லை எண்ணச் சொன்னால் ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ணுகிறானா, அல்லது வாய் மட்டும் ஒன்று இரண்டு என்று ஓடுகிறதா? மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா? இதெல்லாம் தாள் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயங்கள். முன்பு தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மாமார் இதைப் படிப்பில்லாமலேயே பார்த்துச் சொன்னார்கள், "இவன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் இல்லையே, காதைக் காட்டுங்கள்" என்று. அதுவும் ஒரு கணிப்பீடுதான்.

அவன் முதலாம் தரத்துக்குப் போனதும் பள்ளிக்கூடத்தில் முதல் வாரங்களில் விளையாட்டு, பாட்டு, கீறுதல், தாவுதல் என்று நடக்கும். பெற்றோர் சிலர் "இன்னும் படிப்பிக்கத் தொடங்கவில்லையே" என்று குறைப்படுவார்கள். அந்த விளையாட்டுகளுக்குள்ளே டீச்சர் ஒரு வேலை செய்துகொண்டிருப்பார். எந்தப் பிள்ளை பென்சில் பிடிக்கிறது, எது பேசப் பயப்படுகிறது, எது நிறங்களைப் பிரிக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையாகக் குறித்துக்கொள்வார். நுழைவுத் தேர்ச்சிகளை இனங்காணல் என்று அதற்குப் பெயர். அதில் சித்தியும் இல்லை, தோல்வியும் இல்லை. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவதற்காக மட்டும் அதைச் செய்கிறோம். அப்போது டீச்சரிடம் போய் "என் மகன் எதில் கெட்டி, எதில் கொஞ்சம் பின்னுக்கு" என்று கேளுங்கள். அந்தப் பதில் இந்த முன்பள்ளி ரிப்போர்ட்டை விட நூறு மடங்கு பெறுமதி.

இனி மகள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இந்தப் பிள்ளையின் 38தான்.

38 என்பது என்ன? நூற்றில் 62 புள்ளியை எங்கேயோ விட்டிருக்கிறாள். எங்கே விட்டாள் என்று அந்த எண் சொல்லாது. 31ஆம் நிலை அதைவிட மோசம், அது உங்கள் மகளைப் பற்றிக்கூடப் பேசவில்லை, மற்ற 33 பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. நாளைக்கு நான்கு கெட்டிக்காரப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனால் அவள் 27ஆம் நிலைக்கு வந்துவிடுவாள், கணக்கு ஒன்றுமே கூடப் படித்திருக்க மாட்டாள்.

ஆகவே விடைத்தாளைக் கேளுங்கள். பல பள்ளிக்கூடங்களில் தவணை விடைத்தாளைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள், அது புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். கொடுக்கவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்டு வாங்குங்கள்.

விடைத்தாளில் என்ன பார்ப்பது? நான் வலயத்தில் ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் பார்த்த ஒரு தாளைச் சொல்கிறேன். நான்காம் தரம்தான், உங்கள் மகளைப் போலவே நாற்பதுக்குக் கீழே. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் அந்தப் பிள்ளை 35 என்று எழுதியிருந்தாள். 403இலிருந்து 178ஐக் கழிக்க 375. பக்கம் முழுக்கச் சிவப்புப் பிழை. டீச்சர் "கவனயீனம்" என்று எழுதியிருந்தார். நான் உட்கார்ந்து பார்த்தேன், கவனயீனமே இல்லை. மேலே 2, கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாதே என்று, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 எழுதியிருக்கிறாள். 403இலும் அப்படியே, 8இலிருந்து 3 போக 5, 7இலிருந்து 0 போக 7. எல்லாக் கணக்கிலும் ஒரே முறை, ஒரு இடத்தில்கூட மாறவில்லை. பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க வேண்டும் என்று இரண்டாம் தரத்தில் யாரோ சொன்னதை அந்தப் பிள்ளை இத்தனை காலம் உண்மையாகப் பின்பற்றியிருக்கிறாள். பத்து பத்தாகக் கட்டிய ஈர்க்குக் குச்சிகளைக் கொடுத்து, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்து, இதிலிருந்து 27 எடு என்றேன். உதிரி போதாமல் முழித்தாள். பிறகு தானாகவே ஒரு கட்டை அவிழ்த்தாள். அந்த ஒரு கட்டை அவிழ்த்ததுதான் அவளுக்குத் தேவைப்பட்ட பாடம். இரண்டு கிழமை குச்சியோடு செய்தோம், அடுத்த தவணையில் கழித்தல் கணக்கு ஒன்றும் பிழைக்கவில்லை.

இன்னொரு வகைப் பிழையும் நம்முடைய மலையகப் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. "ஒரு கூடையில் 45 தோடம்பழங்கள் இருந்தன. அவற்றுள் 18 விற்கப்பட்டன. எஞ்சியவை எத்தனை?" பிள்ளை 63 என்று எழுதும், கூட்டிவிடும். கழிக்கத் தெரியாததால் அல்ல. வாசித்துக் காட்டு என்றால் "எஞ்சியவை" என்ற இடத்தில் தடுக்கி நிற்கும். "மிச்சம் எத்தனை" என்று நீங்கள் கேட்டால் உடனே 27 என்று சொல்லும். வீட்டில் யாரும் எஞ்சியவை என்று பேசுவதில்லையே! அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கணித டியூசன் இல்லை, வாசிப்பு. ஒரே 38 புள்ளிக்குப் பின்னால் இப்படி முற்றிலும் வேறு வேறு காரணங்கள் இருக்கலாம், மருந்தும் வேறு வேறு.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்குப் பசி இல்லாத நேரமாகப் பார்த்து, விடைத்தாளை எடுத்துப் பிழைத்த கணக்கு ஒன்றைக் காட்டி, "இதை எப்படிச் செய்தாய் என்று அம்மாவுக்குச் சொல்லித் தா" என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். பிள்ளை சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருங்கள், நடுவில் திருத்த வேண்டாம். உங்களுக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று உங்களுக்கு விளங்கும், மகளின் முகத்தை உங்களை விட நன்றாக வாசிக்க யாரால் முடியும். அந்த இடத்தைக் குறித்து வைத்து டீச்சரிடம் சொல்லுங்கள்.

டீச்சரிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. ஆரம்பப் பிரிவில் முதலாம் இரண்டாம் தரங்கள் முதன்மை நிலை ஒன்று, மூன்றும் நான்கும் முதன்மை நிலை இரண்டு, ஐந்தாம் தரம் முதன்மை நிலை மூன்று. ஒவ்வொரு நிலையையும் முடிக்கும்போது பிள்ளைக்குக் கட்டாயம் வந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வகுப்பாசிரியரிடம் அந்தப் பதிவு இருக்கும். "மிஸ், என் மகளுக்கு இதில் எது எது இன்னும் வரவில்லை?" என்று கேளுங்கள். நிலை எத்தனை என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிற பெற்றோர் மிகக் குறைவு, கேட்டால் ஆசிரியரும் நிமிர்ந்து உட்காருவார், நான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் ஒரு பேர் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். அது சின்ன விஷயம் இல்லை, எனக்குத் தெரியும், என் அம்மாவும் மலையில் பறித்தவர்தான். அதிபரிடம் சொல்லி, வேலை விட்ட பிறகு அல்லது போயா தினத்தை ஒட்டி ஒரு அரை மணித்தியாலம் கேட்டுப் பாருங்கள். தோட்டப் பக்கத்து அதிபர்கள் பலர் இதைப் புரிந்தவர்கள். மறக்க முன் இன்னொன்று: நான்காம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு. முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களுக்கு நடத்துவார்கள். அன்றைக்கு மகளுக்குக் கண்ணைச் சோதித்தார்களா, ஏதாவது துண்டு எழுதிக் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். கரும்பலகையில் 8ஐ 3 என்று பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு எந்த டியூசனும் உதவாது, கண்ணாடிதான் உதவும். மகனும் பத்தாம் தரம்தானே, அவனுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

வெளியாட்கள் வந்து கொடுத்த அந்தத் தாள் பெரும்பாலும் ஒரு மாதிரி ஆய்வாக இருக்கும். நாடு முழுக்கச் சில பள்ளிக்கூடங்களை மட்டும் தெரிந்தெடுத்து, பிள்ளைகள் தாய்மொழி, கணிதம் போன்றவற்றில் எந்த மட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வு நிலையம் இருக்கிறது, நான்காம் எட்டாம் தரங்களில் அப்படிப் பல தடவை செய்திருக்கிறார்கள். அதில் உங்கள் மகளின் பெயருக்குப் புள்ளி வராது. எந்த மாகாணம் பின்னுக்கு, தமிழ் மொழிமூலத்தில் எது குறைவு, எதைப் பாடத்திட்டத்தில் மாற்ற வேண்டும் என்று அரசாங்கம் தெரிந்துகொள்வதற்காகச் செய்வது. நோய் பரவுகிறதா என்று ஊருக்கு ஊர் கொஞ்சம் பேரின் இரத்தத்தை எடுத்துப் பார்ப்பது போல. உறுதிப்படுத்த அதிபரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

ஸ்கொலர்ஷிப். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும், ஆனாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஒரு தெரிவுப் பரீட்சை. இலவசக் கல்வி வந்த 1940களில், அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த மத்திய கல்லூரிகளுக்குக் கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் திறமையானவர்களை அனுப்புவதற்காகப் பிறந்தது. நல்ல நோக்கம். நம்முடைய தோட்டப் பள்ளிக்கூடங்கள் 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன, அதனால் அந்தக் கதவு நமக்குத் திறந்ததே மிகவும் பிந்தித்தான். இன்றைக்கும் அந்தப் பரீட்சையால் இரண்டு பயன்: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம், ஆறாம் தரத்துக்குப் பெரிய பாடசாலையில் இடம். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, ஒவ்வொரு பெரிய பாடசாலையும் பிள்ளைகளை எடுக்கிற வெட்டுப்புள்ளி இன்னொன்று, வருடா வருடம் மாறும். அதாவது அந்தக் கோடு எத்தனை இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் போடுகிற கோடு. கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே நிற்கிற பிள்ளையும் ஒரு புள்ளி மேலே நிற்கிற பிள்ளையும் படிப்பில் ஒன்றுதான்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு நல்ல பாடசாலைக்குப் போக நம் பிள்ளைகளுக்கு அது ஒரு வாசல் என்பதை நான் மறுக்கவில்லை. விருப்பம் இருந்தால் எழுதட்டும். எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதி வெட்டுப்புள்ளி வராவிட்டாலும் ஆறாம் தரத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் நான்காம் தரத்திலேயே தினம் ஒரு மாதிரி வினாத்தாள், சனி ஞாயிறும் வகுப்பு என்றால், கட்டை அவிழ்க்கத் தெரியாத பிள்ளை அதே பிழையை இருபது தாளில் இருபது தடவை செய்யும். அதைத் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது, அடுத்த தாள் காத்திருக்கும். உங்கள் மகளின் நிலையில் அந்த வகுப்புக்குக் கொடுக்கிற காசை இப்போதைக்கு வைத்திருங்கள். முதலில் அந்த 62 புள்ளி எங்கே போனது என்று கண்டுபிடிப்போம். அப்புறம் ஐந்தாம் தரத்தில் யோசிக்கலாம். டியூசன் சேர் கெட்டவர் என்று சொல்லவில்லை, "என் மகள் எந்த இடத்தில் பிழை விடுகிறாள் சேர்?" என்று அவரிடமும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அவரிடமே விடலாம்.

மூத்தவனுக்கு வருகிறேன். நல்ல செய்தி இருக்கிறது என்றேனே.

டபிள்யூ என்ற எழுத்தை மட்டும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் ஒன்பது பாடத்தையும் பார்த்தேன். தமிழ் 58, சமயம் 66, வரலாறு 41, குடியியற் கல்வி 44, சித்திரம் 62, விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும் 71. ஆங்கிலம் 29, கணிதம் 27, விஞ்ஞானம் 33. பதினோராம் தரம் முடிந்து எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் 35 அல்லது அதற்கு மேல் எடுத்தால் சித்தி, 50 அல்லது அதற்கு மேல் திறமைச் சித்தி. அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் ஆறு பாடத்தில் சித்தி, அதில் நான்கு திறமைச் சித்தி. விஞ்ஞானத்தில் இரண்டு புள்ளிதான் குறைவு. உயர்தரத்துக்கு, அதாவது பன்னிரண்டாம் பதின்மூன்றாம் தரங்களுக்கு, போக வழமையான நிபந்தனை என்ன? தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, மூன்றில் திறமைச் சித்தி. ஆக அவனுக்கும் உயர்தரத்துக்கும் நடுவில் நிற்பது கணிதத்தில் எட்டுப் புள்ளி. எட்டே எட்டு! இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. இது பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைதான், சாதாரண தரத் தாள் இதைவிடக் கொஞ்சம் கடினமாகவோ இலேசாகவோ இருக்கலாம், அதனால் இதை அப்படியே உறுதியாக எடுக்க முடியாது. ஆனாலும் படிப்பு வராத பையன் என்று சொல்லுகிற ரிப்போர்ட் இது இல்லவே இல்லை. இன்றைக்கு இரவே அவனோடு உட்கார்ந்து இந்தக் கணக்கை அவனுக்குக் காட்டுங்கள். அவனும் டபிள்யூவை மட்டும்தான் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.

அந்த எட்டுப் புள்ளிக்கும் வழி அதே விடைத்தாள்தான். வீதம், பின்னம், வட்டி, பரப்பளவு என்று முதலாம் வினாத்தாளில் வருகிற சிறிய கணக்குகளில் எத்தனை விட்டிருக்கிறான் என்று கணித ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்துக் கடினக் கணக்குகளை இப்போதைக்கு விடலாம். உங்கள் சம்பளச் சிட்டையைக் கொடுத்து, ஊழியர் சேமலாப நிதிக்கு எத்தனை வீதம் பிடிக்கிறார்கள், சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாம் தரப் பையன் வீட்டுக்குச் செய்யக்கூடிய உண்மையான கணக்கு அது.

ஒப்படை கொடுப்பதில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் பிரிஸ்டல் போர்ட் அட்டை வாங்கக் காசில்லாததாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று நாங்கள் சொல்வது, எழுத்துப் பரீட்சையில் தெரியாத திறமையையும் பார்ப்பதற்கு: பேச்சு, குழுவாகச் செய்கிற வேலை, செய்முறை, அவதானித்துக் குறிப்பது. நடைமுறையில் அது வண்ணத்தாளும் மினுமினுப்பும் ஒட்டிக் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற போட்டியாகிவிட்டது, இதில் ஆசிரியர்கள் நாங்கள் பொறுப்பேற்க வேண்டும். விவசாயத்தில் 71 எடுக்கிற பையன் வீட்டுத் தோட்டத்தில் போஞ்சி போட்டு, கிழமைக்குக் கிழமை எத்தனை அங்குலம் வளர்ந்தது, எப்போது உரம் போட்டான் என்று சாதாரணக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் அது முதல்தர ஒப்படை. அதை ஏற்றுக்கொள்ளும்படி வகுப்பாசிரியரிடம் நீங்கள் தயங்காமல் பேசலாம்.

எல்லாம் செய்தும் கணிதம் சரிவரவில்லை என்றால்? திரும்ப எழுதலாம். அதோடு 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழிற்பிரிவில் தொடர்ந்து படிக்க வழி இருக்கிறது. எல்லாப் பாடசாலையிலும் இல்லை. உங்களுக்குக் கிட்ட எங்கே இருக்கிறது என்று ஹட்டன் வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். உயர்தரம் வரை போய்விட்டால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்ய இசட் புள்ளி என்று வேறு கணக்கு வரும், கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு மாவட்டப் பங்கும் உண்டு, கல்வியில் பின்தங்கியவை என்ற பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும். அதை அந்த நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.

பதினைந்து வயதில் கொழும்புக் கடைக்குப் போன பிள்ளைகளை நானும் வழியனுப்பியிருக்கிறேன் தங்கச்சி. தீபாவளிக்கு நல்ல சட்டையோடு வருவார்கள், தம்பி தங்கைக்குச் சாமான் வாங்கி வருவார்கள், வீட்டில் எல்லோருக்கும் சந்தோசமாக இருக்கும். அவர்களில் எத்தனை பேர் எட்டுப் புள்ளி தூரத்தில் இருந்தார்கள் என்று அப்போது நான் கணக்குப் பார்க்கவில்லை. உங்கள் மகனுக்கு அப்படி நடக்கவேண்டாம்.

மகளின் கணித விடைத்தாள் கைக்கு வந்ததும் போட்டோகொப்பி எடுத்து எனக்கு அனுப்புங்கள். புள்ளி எழுதியிருக்கிற மூலையை மடித்துவிட்டு அனுப்பினாலும் போதும், எனக்கு அவள் போட்ட கணக்குத்தான் வேண்டும்.